சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி: என் அனுபவம்

குனிந்தால் கண்ணாடி விழும். விழாத நாளில் சில்லறையும் பேனாவும் லென்ஸைக் கீறும். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் லென்ஸ்தானே, சீக்கிரம் கீறல் விழுந்துவிடுகிறது. கடையில் தரும் கெட்டிப் பெட்டி பத்திரம்தான், ஆனால் சட்டைப் பைக்குள் எங்கே நுழைகிறது!

அப்புறம் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தபோது, பையை ஒரு அங்குலம் கூடுதல் ஆழமாக வைத்து, நெடுக்காக ஒரு தையல் போட்டு இரண்டு அறையாக்கச் சொன்னேன். குறுகிய அறை பேனாவுக்கு. அகலமானதன் வாயில் ஒரு பட்டன், உள்ளே மென்துணி உறையில் கண்ணாடி. லென்ஸ் உடம்புப் பக்கம் இருக்கும்படி செருகுகிறேன்; பஸ் நெரிசலில் கம்பி இடித்தாலும் முதல் அடி காதுப்பிடிக்குத்தான்.

சில்லறை பேன்ட் பைக்குப் போய்விட்டது. கண்ணாடியை மட்டும் அங்கே வைப்பதில்லை, உட்கார்ந்தால் கீல் வளைந்துவிடும். துணி உறையையும் அவ்வப்போது துவைத்துவிடுகிறேன். அதில் தங்கும் தூசியே லென்ஸைத் தேய்க்கும்.