மைனர் லீக் முடிந்து ஐரோப்பா போகும் பேஸ்பால் வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021-ல் அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கின் நிர்வாகம், தனக்குக் கீழே வீரர்களைத் தயார் செய்துவந்த மைனர் லீக் அணிகளைச் சுமார் 160-ல் இருந்து 120 ஆகக் குறைத்தது. அணிகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டும் 40 சுற்றில் இருந்து 20 சுற்றாகச் சுருங்கியது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதில், உடம்பில் இன்னும் பல வருஷம் ஆடத் தெம்பு இருக்கும்போதே வேலை இல்லாமல் நிற்கிற வீரர்கள் அதனால் நிறைய. அவர்களில் சிலர் நெதர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி, செக் குடியரசு, பிரான்ஸ் என்று கிளம்பிப் போகிறார்கள். நல்ல முடிவுதான், நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் போகிறவர்களில் பலர் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒரே சீசனில் மனம் நொந்து திரும்பிவிடுகிறார்கள்.

முதல் தவறு, ஐரோப்பாவை மேஜர் லீக்குக்குத் திரும்பிப் போகும் வழியாக நினைப்பது. அமெரிக்க அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் ஐரோப்பாவில் தேடுவது பதினாறு, பதினேழு வயது உள்ளூர்ப் பையன்களை. பெர்லினில் பிறந்த மேக்ஸ் கெப்லரை மேஜர் லீக் அணியான மினசோட்டா ட்வின்ஸ் 2009-ல் ஒப்பந்தம் செய்தபோது அவருக்கு 16 வயது. ஏற்கெனவே மைனர் லீக்கில் மேலிருந்து இரண்டாம் நிலையான டபுள் ஏ வரை போய் விடுவிக்கப்பட்ட ஒருவரை நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வந்து பார்த்துத் திரும்ப எடுப்பது அரிதிலும் அரிது. மேஜர் லீக் ஆசை இன்னும் விடவில்லை என்றால் அமெரிக்காவிலேயே இருக்கிற, மேஜர் லீக் அணிகளோடு சேராத சுயேச்சை லீக்குகள்தான் பக்கத்து வழி. கிறிஸ் கொலபெல்லோ அப்படித்தான் 2005 முதல் ஏழு சீசன் சுயேச்சை லீக்கில், பெரும்பாலும் வூஸ்டர் என்ற ஊரின் அணியில் ஆடி, 2012-ல் ட்வின்ஸ் அமைப்புக்குள் நுழைந்து, 2013-ல் மேஜர் லீக்கில் கால் வைத்தார். ஐரோப்பாவுக்குப் போகிறவர் அங்கேயே ஒரு நல்ல ஆட்ட வாழ்க்கையை அமைத்துக்கொள்ளப் போக வேண்டும். குராசாவோ தீவில் பிறந்த டீகோமார் மார்க்வெல் 1996-ல் டொராண்டோவின் மேஜர் லீக் அணியோடு ஒப்பந்தமானவர், மேஜர் லீக்கை எட்டவே இல்லை. அப்புறம் ராட்டர்டாமின் நெப்டியூனஸ் அணிக்குப் போய் நீண்ட காலம் பந்தை எறியும் பிட்சராக இருந்தார். 2011-ல் பனாமாவில் கியூபாவை 2-1 என்று வென்று உலகக் கோப்பை தூக்கிய நெதர்லாந்து அணியிலும் இருந்தார். இதைத் தோற்றுப்போன வாழ்க்கை என்று யார் சொல்ல முடியும்?

அடுத்தது, எதிரணியைக் குறைவாக எடை போடுவது. தரம் சீராக இருக்காது என்பது உண்மைதான், ஒரே அணியில் மைனர் லீக்கின் மேல் நிலையான டிரிபிள் ஏ-வில் ஆடிய வீரரும், பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவரும் இருப்பார்கள். ஆனால் வேகத்தை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்யக் கூடாது. செக் பிட்சர் ஒண்ட்ரே சடோரியாவின் தொழில் எலக்ட்ரீஷியன். அவருடைய பந்து மணிக்கு 130 கிலோமீட்டரைத் தொடவே தடுமாறும். அவர்தான் நாட்டு அணிகள் மோதும் 2023 உலக பேஸ்பால் கிளாசிக்கில், டோக்கியோவில், ஜப்பானின் நட்சத்திரம் ஷோஹேய் ஓடானியை சேஞ்ச்அப் என்ற மெதுவான ஏமாற்றுப் பந்து போட்டு, அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். 150 கிலோமீட்டர் பந்துக்கே பழகிய பேட்ஸ்மேன் இந்த மாதிரிப் பிட்சர்களிடம் முதல் மாதம் முழுக்கத் திணறுவதும், காத்திருந்து அடிக்கக் கற்றுக்கொள்வதற்குள் சீசனில் பாதி போய்விடுவதும் உண்டு.

இனி காகிதங்கள். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மைனர் லீக் அணி உங்களை விடுவிப்பது வேறு, நீங்களே ஓய்வு என்று அறிவிப்பது வேறு. கோபத்தில் ஓய்வு என்று சொல்லிவிட்டுப் போனால் உங்கள் மீதான உரிமை பழைய அணியிடமே இருக்கும், வேறு எங்கேயாவது கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் விடுவிப்பு வாங்க வேண்டி வரும். அப்புறம் விசா. அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் ஒரே விசா விதியைப் பின்பற்றும் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் விசா இல்லாமல் தங்கலாம். ஆனால் அது சுற்றிப் பார்க்கத்தான், சம்பளம் வாங்க அல்ல. சீசனோ ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பர் வரை போகும். ஜெர்மனியில் அமெரிக்கர்கள் வந்து இறங்கிய பிறகும் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அனுமதி கையில் வரும்வரை வேலை செய்யக் கூடாது. டொமினிக்கன் குடியரசிலிருந்து வருபவருக்கு அந்தச் சலுகையும் இல்லை, ஊரிலேயே விசா எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். தொழில்முறை வீரர் என்ற பிரிவில் விண்ணப்பித்தால் குறைந்தபட்சச் சம்பள வரம்பும் உண்டு, சிறு கிளப் தரும் தொகை அதை எட்டாது. ஆகவே எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கிறீர்கள் என்று கிளப்பிடம் முன்னாலேயே கேளுங்கள். ‘வாங்க, வந்த பிறகு பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால் டிக்கெட் போடாதீர்கள்.

இத்தாலியில் வம்சாவளிப் பாஸ்போர்ட் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையிலும் பலர் இருக்கிறார்கள். 2025 மார்ச்சில் அந்தச் சட்டம் இறுகிவிட்டது. கொள்ளுத்தாத்தா இத்தாலியர் என்பது இனிப் போதாது, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி வரைதான், அதிலும் நிபந்தனைகள் இருக்கின்றன. பாஸ்போர்ட் கிடைத்தாலும், லீக்கில் உள்ளூரில் ஆடி வளர்ந்தவர்களுக்கு என்று தனி இடங்கள் உண்டு, அவை உங்களுக்குக் கிடைக்காது.

பிட்சர்கள் கையைப் பற்றி யோசிக்காமல் போவது இன்னொன்று. மைனர் லீக்கில் வாரத்துக்கு ஆறு ஆட்டம், நடுவில் ஒரே ஒரு நாள் ஓய்வு. ஐரோப்பாவில் பெரும்பாலும் வார இறுதியில் இரண்டு அல்லது மூன்று ஆட்டம். ஓய்வு கிடைக்கிறதே என்று வாரம் முழுக்கச் சும்மா இருந்தால் கை இறுகிவிடும். இன்னொரு பக்கம், வெளிநாட்டுப் பிட்சர் இருப்பதே ஒருவர் என்றால் அவரையே கடைசி இன்னிங்ஸ் வரை நிறுத்திவைக்கப் பயிற்சியாளருக்கு ஆசை வரும். ஒரு ஆட்டத்துக்கு எத்தனை பந்து என்று ஏப்ரலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். முழங்கை போனால் ஸ்கேனுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் யார் பணம் கட்டுவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

பணம் பற்றிச் சுருக்கமாக: 2023-ல் போட்ட ஒப்பந்தப்படி அப்போது டபுள் ஏ வீரருக்கு வருஷத்துக்குக் குறைந்தது 30,250 டாலர் என்று இருந்தது. ஐரோப்பாவில் பல கிளப்களில் விமான டிக்கெட், தங்க அறை, கையில் கொஞ்சம் மாதப் பணம், அவ்வளவுதான். சேமிக்க முடியாது. அறையை எத்தனை பேரோடு பகிர்கிறீர்கள், திரும்பும் டிக்கெட் யார் செலவு என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை வேண்டாத சுமையாக நினைப்பது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மழை விட்ட மைதானம், பத்து வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அதில் பாதிப் பேர் கால்பந்தில் இருந்து வந்தவர்கள், பந்தை எறியும்போது எந்தக் காலை முன்னால் வைப்பது என்றே தெரியாது. கைபேசியைப் பார்த்துக்கொண்டு வேலியோரம் நிற்கிற வெளிநாட்டு வீரரை அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் கவனிக்கிறார்கள். கிளப்பை நடத்துவதே அவர்கள்தான். கணக்குப் பார்ப்பதும், ஞாயிற்றுக்கிழமை சாசேஜ் சுட்டு விற்பதும், உங்கள் அறை வாடகைக்கு ஸ்பான்சர் தேடுவதும் அவர்கள். ஆட்டம் முடிந்தால் மண்ணைச் சமப்படுத்துவதும், மழை வந்தால் பிட்சர் மேட்டுக்குத் தார்ப்பாய் இழுப்பதும் வீரர்களின் வேலைதான், அதற்கென்று தனி ஆள் கிடையாது. இதில் முதல் ஆளாகக் கை கொடுப்பவரை அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள்.

செப்டம்பரில் சீசன் முடிந்ததும் அடுத்து என்ன என்று தெரியாமல் விழிப்பதும் வேண்டாம். ஆஸ்திரேலிய லீக் நவம்பரில் தொடங்குகிறது, அங்கே போக நினைத்தால் ஆகஸ்டுக்குள் பேச வேண்டும். ஐரோப்பிய கிளப்கள் அடுத்த சீசனுக்கான வெளிநாட்டு வீரர்களைக் குளிர்காலத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள். பேட்டிங், பீல்டிங் வீடியோவை அக்டோபருக்குள் வெட்டித் தயாராக வையுங்கள், கூடவே பழைய கிளப்பின் பயிற்சியாளரிடம் ஒரு பரிந்துரைக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.