சென்னை – பலாலி: 355 கிலோமீற்றருக்கு எத்தனை மணித்தியாலம்?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர், அதாவது 192 கடல் மைல். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில் இருப்பதால் கணக்கு இலகு: அகலக்கோட்டு வித்தியாசம் 3.2 பாகை, பாகைக்கு 60 கடல் மைல். பறப்பது ஏ.ரி.ஆர். 72, மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் போகும் விசிறி விமானம். வானில் ஒரு மணித்தியாலம்.

அந்த ஒரு மணித்தியாலத்தை நம்பி ரிக்கற் போடுபவர்கள் மாட்டுப்படுவது சென்னையில். ரொறன்ரோவிலிருந்து ஒரு ரிக்கற், பலாலிக்கு வேறொரு ரிக்கற் என்று எடுத்தால் பெட்டி தானாக மாறாது. நீங்கள்தான் எடுக்க வேண்டும். அதற்குக் குடிவரவைக் கடந்து இந்தியாவுக்குள் நுழைய வேண்டும். ஆகவே இந்திய விசா வேண்டும், இரண்டு மணித்தியாலம் மட்டும் நின்றாலும். அது இல்லாதவர்களை ரொறன்ரோவிலேயே ஏற்றமாட்டார்கள்.

விசாவிலும் ஒரு பொறி இருக்கிறது. 30 நாள் மின்விசாவில் இரண்டு தடவை நுழையலாம், போக ஒன்று, வர ஒன்று. ஆனால் அந்த 30 நாள் முதல் நுழைவிலிருந்தே ஓடத் தொடங்கும். ஊரில் ஆறு கிழமை நின்றவருக்குத் திரும்பும்போது அது செத்த விசா. ஒரு வருட விசாவே எடுங்கள். இலங்கைக்கான ஈ.ரி.ஏ. என்ற மின் பயண அனுமதி இதற்குப் புறம்பு. பிறந்த மண்ணை மிதிக்க இரண்டு அரசுகளிடம் விண்ணப்பம் போடுவது மனதைச் சுடும். ஆனாலும் இரண்டையும் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

குடிவரவு, பெட்டி, சுங்கம் முடிந்து வெளியே வந்து, வாசலில் கடவுச்சீட்டும் ரிக்கற்றும் காட்டி மறுபடி உள்ளே போக வேண்டும். புறப்பட ஒரு மணித்தியாலத்துக்கு முன்னரே கவுண்டரை மூடிவிடுவார்கள். இரண்டு ரிக்கற்றுக்கும் இடையில் ஆறு மணித்தியாலம் விடுங்கள்.

நிறையும் மாறும். பெரிய விமானத்தில் 23 கிலோப்படி இரண்டு பெட்டி விட்டவர்களுக்கு இங்கே அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். மிச்சத்துக்குக் கிலோக் கணக்கில் காசு. மற்றவர்களின் பார்சலை ஏற்க முன் பலாலி ரிக்கற்றில் உள்ள நிறையைப் பாருங்கள். ஏ.ரி.ஆரில் ஏறுவது பின்கதவால். தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது, சில்லுப் பெட்டி உள்ளே போகாது. ஏணியடியில் வாங்கிப் பொதியறையில் போடுவார்கள். மருந்தையும் ஆவணங்களையும் தோள்பையில் வையுங்கள்.

வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்குக் கொழும்பு வழிதான் நல்லது. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரையில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், ஏழெட்டு மணித்தியாலம், ஆனால் ஒரே விசா.

செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் நேரத்தைச் சரியாக எண்ணுங்கள். கோடையில் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. வெள்ளி இரவு ஏறினால் சென்னையில் இறங்கவே ஞாயிறு விடிந்துவிடும். சனி பின்னேரம் வந்துவிடுவேன் என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை நம்பி அங்கே பிரேதத்தை எடுக்காமல் வைத்திருப்பார்கள்.