முந்திரிக்கொட்டை ரசிகனின் தவறுகள்

கேம் விளையாடுகிறவர்களில் ஒரு வகை உண்டு. கன்சோல் கடைக்கு வருமுன்பே அதைப் பற்றி நாற்பது வீடியோ பார்த்திருப்பார். கேமை ஆரம்பிக்குமுன்பே எந்தப் பெட்டியில் எந்த வாள் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பார். கடைசி வில்லனைச் சந்திக்க இன்னும் இருபது மணி நேரம் இருக்கும், ஆனால் அந்த வில்லனுக்கான இசை அவருடைய ரிங்டோனாக ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த முந்திரிக்கொட்டை வேறு யாருமில்லை, நான்தான். சில ஆண்டுகளாகத் திருந்தி வருகிறேன். ஜப்பானிய ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரமாகக் கதைக்குள் போகும் ரோல்-பிளேயிங் கேம்) பக்கம் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளைப் பார்த்தால், அதே பள்ளத்தில் அவர்களும் கால் வைக்கப் போவது தெரிகிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

லோகோவைப் பார்த்து நாள் குறிப்பது

முதல் தவறு, டிரெய்லரை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது. 2006 இ3 கேம் கண்காட்சியில் பிளேஸ்டேஷன் 3-க்காக 'ஃபைனல் ஃபேன்டசி வெர்சஸ் 13' என்ற கேம் அறிவிக்கப்பட்டது. கறுப்பு உடை, வானில் மிதக்கும் வாள்கள், அட்டகாசமான டிரெய்லர். அது கடைசியில் பெயரும் இயக்குநரும் கன்சோலும் மாறி, 'ஃபைனல் ஃபேன்டசி 15' ஆக 2016 நவம்பர் 29-ல் வந்தது. பத்து ஆண்டுகள். அந்த டிரெய்லரை நம்பி பிஎஸ்3 வாங்கியவருக்குக் கேம் கைக்கு வந்தபோது, அது அந்தப் பெட்டியில் ஓடவே ஓடாது.

அது ஒரு விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். 'மெட்ராய்டு பிரைம் 4' 2017-ல் வெறும் லோகோவாக அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் நிண்டெண்டோவே முன்வந்து, இதுவரை செய்த வேலை திருப்தியாக இல்லை, வேறு ஸ்டுடியோவிடம் கொடுத்து முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று சொன்னது. அது வந்தது 2025 டிசம்பரில். 'டிராகன் குவெஸ்ட் 12' தலைப்பு 2021 மே 27-ல் வந்தது. நான்கு ஆண்டு கழிந்தும் அதைக் கையில் பிடித்து விளையாடியவர் யாருமில்லை. நான் இப்போது வைத்திருக்கும் விதி எளியது. லோகோ மட்டும் வந்தால் கைதட்டிவிட்டு மறந்துவிடுவேன். திரையின் ஓரத்தில் உயிர்க்கோடும் கட்டளைப் பட்டியலும் தெரிய யாரோ உண்மையாகவே விளையாடிக் காட்டும் வீடியோ வந்த பிறகுதான் காலண்டரைப் பார்ப்பேன்.

லீக் செய்திகளில் இன்னொரு ஆபத்து: பாதி உண்மை. 2021-ன் முதல் பாதி முழுக்க நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் 4கே தரும் புதிய மாடல் வரப்போகிறது என்று பேச்சு. அதற்கு 'ஸ்விட்ச் ப்ரோ' என்று பெயர்கூட வைத்துவிட்டோம். ஜூலை 6 அன்று அறிவிக்கப்பட்டது 7 அங்குல ஓ.எல்.இ.டி. திரை கொண்ட மாடல். திரை விஷயம் உண்மை, 4கே இல்லை, உள்ளே அதே திறன் கொண்ட சிப். அன்றைக்கு நிண்டெண்டோ ஏமாற்றிவிட்டது என்று கொதித்தவர்களில் நானும் ஒருவன். யோசித்தால், நிண்டெண்டோ ஒன்றுமே சொல்லவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்தது நாம்தான்.

எண்களை வைத்துச் சண்டை போடுவதும் இதே ரகம். கணக்கிடும் வேகத்தில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப்ஸ், பிஎஸ்5 10.28. 2020-ல் இந்த இரண்டு எண்களுக்காக எத்தனை நட்பு முறிந்தது! கடைசியில் இரண்டிலும் வந்த ஆரம்ப கால கேம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, சிலவற்றில் சின்ன எண் உள்ள பெட்டி முந்தியது. கன்சோலை நீங்கள் விளையாட விரும்பும் கேம்களின் பட்டியலை வைத்து வாங்குங்கள். அதிலும் 'எக்ஸ்குளூசிவ்' என்ற சொல்லுக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 'ஃபைனல் ஃபேன்டசி 16' 2023 ஜூனில் பிஎஸ்5-ல் மட்டும் வந்தது. 2024 செப்டம்பரில் பிசிக்கு வந்தது. 2025 ஜூனில் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்துவிட்டது. பொறுத்தவருக்கு வேறு பெட்டி வாங்கும் செலவு மிச்சம்.

நம் ஊரில் இருந்து வாங்குகிறவர்களுக்கென்று தனியாக ஒன்று. பிஎஸ்5 உலகின் பல நாடுகளில் 2020 நவம்பரில் வந்தது, இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ல்தான் வந்தது. விலை 49,990 ரூபாய். அந்த இரண்டரை மாதம் பொறுக்க முடியாமல் கூடுதல் விலைக்கு, கம்பெனி வாரண்டி இல்லாத இறக்குமதிப் பெட்டியை வாங்கியவர்கள் உண்டு. ஸ்விட்ச் 2 விஷயத்தில் பொறி வேறு மாதிரி. ஜப்பானில் அது இரண்டு விதமாக விற்கிறது; 2025-ல் வந்தபோது பல மொழிப் பதிப்பு 69,980 யென், ஜப்பானிய மொழிப் பதிப்பு 49,980 யென். "மச்சான், ஜப்பான்ல ரொம்ப சீப்டா" என்று யாராவது போன் செய்தால் அது இரண்டாவது ரகம்தான். அதில் திரை மொழி ஜப்பானியம் மட்டுமே, ஜப்பான் நாட்டுக் கணக்கு மட்டுமே இணையும். கான்ஜி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்தைப் படிக்கத் தயாராக இருந்தால் சரி.

அப்புறம் ஸ்விட்ச் 2 கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது அட்டையின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். 'கேம்-கீ கார்டு' என்றிருந்தால் உள்ளே இருப்பது வெறும் சாவி; கேமை முழுக்க டவுன்லோட் செய்ய வேண்டும். பழைய பிஎஸ் டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு: டிஸ்க் எந்த வட்டாரத்துப் பதிப்போ, கூடுதல் கதைகளையும் அந்த வட்டாரத்துக் கணக்கில்தான் வாங்க வேண்டும். மாற்றி வாங்கினால் இரண்டும் ஒட்டாது. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பிப்பது

"ஃபைனல் ஃபேன்டசி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், முதல்ல ஒண்ணு விளையாடணுமா?" அடிக்கடி வரும் கேள்வி. வேண்டாம். ஒவ்வொரு எண்ணும் தனி உலகம், தனிக் கதை. 1987-ல் வந்த முதல் கேமை விளையாடாமல் பத்தாவதை விளையாடினால் எதுவும் புரியாமல் போகாது. இந்த எண்கள் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் வேறாக இருந்தன என்பது வேடிக்கை. ஜப்பானில் நான்காவதாக வந்தது அமெரிக்காவில் 'இரண்டு' என்றும், ஆறாவது 'மூன்று' என்றும் விற்கப்பட்டன. இடையில் இருந்தவை அங்கே போகவே இல்லை. பழைய கட்டுரையில் 'மூன்றாவது கேம்தான் சிறந்தது' என்று ஒருவர் எழுதியிருந்தால் அவர் ஆறாவதைச் சொல்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான்.

ஆனால் இதையே எல்லாத் தொடருக்கும் பொருத்திவிடக் கூடாது. ஃபால்காம் நிறுவனத்தின் 'டிரெயில்ஸ்' கேம்கள் 2004-லிருந்து ஒரே உலகில், ஒன்றின் முடிவை அடுத்தது தொட்டுக்கொண்டு போகின்றன. அங்கே நடுவில் நுழைந்தால், கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிகிற நேரத்தில் போன மாதிரி. முதல் கேமின் ரீமேக் 2025 செப்டம்பரில் வந்திருப்பதால் வரிசையாக ஆரம்பிக்க இதைவிட நல்ல சமயமில்லை.

'பெர்சோனா 5' வாங்குகிறவர்கள் மலிவாகக் கிடைக்கிறது என்று 2016-ன் முதல் பதிப்பை எடுக்கிறார்கள். அதை நூறு மணி நேரம் விளையாடி முடித்த பிறகுதான் பின்னால் வந்த விரிவான 'ராயல்' பதிப்பில் அதே கதையும் அதற்குமேல் ஒரு பகுதியும் இருப்பது தெரியும். மறுபடி நூறு மணி நேரம் யாரால் முடியும்? நேராக ராயலுக்குப் போங்கள்.

இப்போது என் பிரதானக் குறைக்கு வருகிறேன்: கைட், அதாவது எது எங்கே இருக்கிறது என்று படிப்படியாகச் சொல்லும் வழிகாட்டி. ஒரு கண் திரையில், ஒரு கண் போனில். இந்தப் பழக்கத்துக்கு ரசிகர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 'ஃபைனல் ஃபேன்டசி 12'-ன் 2006 பதிப்பில் சோடியாக் ஸ்பியர் என்ற மிக வலிமையான ஈட்டி உண்டு. ஊருக்குள் இருக்கும் ஒன்று உட்பட, குறிப்பிட்ட நான்கு பெட்டிகளைத் திறக்காமல் இருந்தால்தான் அது வைத்த இடத்தில் இருக்கும். எந்த நான்கு என்று கேமில் யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டியைப் பார்த்தால் திறக்கப் பழக்கிவிட்டு, திறந்ததற்குத் தண்டனை! ஒன்பதாவதில் எக்ஸ்காலிபர் 2 என்ற வாளை எடுக்க, முப்பது நாற்பது மணி நேரக் கதையின் கடைசி இடத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஓட வேண்டும். இப்படிப்பட்ட குசும்புகள்தான் ஒரு தலைமுறையையே கைட் அடிமைகளாக்கின.

உண்மை என்னவென்றால், இவை எதுவும் இல்லாமலே இரண்டு கேம்களையும் நிம்மதியாக முடிக்கலாம். நான் ஒன்பதை முதல் முறை கைட் வைத்து விளையாடினேன், பல ஆண்டு கழித்து இரண்டாம் முறை வைக்காமல். இரண்டாம் முறைதான் அந்த ஊர்களில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். முதல் முறை ஊர் என்பது எனக்குப் பெட்டிகளின் பட்டியல்.

ஒரே ஒரு விலக்கு தருகிறேன். பெர்சோனா 5 ராயலின் அந்தக் கூடுதல் பகுதி கிடைக்க, பள்ளியில் இருக்கும் ஆலோசகருடனான நட்பை கேம் காலண்டரில் நவம்பர் 18-க்குள் ஒன்பதாம் படிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். இது தெரியாமல் விட்டால் காசு கொடுத்து வாங்கிய கதையே கிடைக்காது. இந்த மாதிரி விஷயத்தை மட்டும், கதை சொல்லாத ஒரு வரியாக, யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவைக்கு மேல் லெவல் ஏற்றுவதும் தவறுதான். 'ஃபைனல் ஃபேன்டசி 8'-ல் உங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளின் லெவலும் ஏறும். மணிக்கணக்கில் காட்டில் சுற்றி அடித்துவிட்டு, இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று புலம்பியவர்கள் ஏராளம். அந்தக் கேமில் பலம் லெவலில் இல்லை, மந்திரங்களைப் பண்புகளோடு இணைக்கும் முறையில் இருக்கிறது. அதற்கு நேர் எதிராக, மருந்தைச் சேர்த்து வைக்கும் நோய். எலிக்சர் கிடைத்தால் அவசரத்துக்கு ஆகும் என்று வைத்திருப்போம். கடைசி பாஸ் செத்து, எழுத்துகள் ஓடும்போதும் பையில் பதினெட்டு எலிக்சர் இருக்கும். விருந்தாளி வந்தாலும் ஷோகேஸிலிருந்து இறங்காத பீங்கான் கோப்பை மாதிரி. பயன்படுத்துங்கள்.

சைட் குவெஸ்ட்டுகளை, அதாவது முக்கியக் கதைக்கு வெளியே உள்ள கிளை வேலைகளைப் பற்றி ஒரு வரி போதும்: 'ஸெனோபிளேடு கிரானிக்கிள்ஸ்'-ல் அவை நானூற்றுக்கு மேல், எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் கதைக்குப் போவேன் என்றவர்கள் கதைக்குப் போனதில்லை.

இசையைக் கேமிலிருந்து பிடுங்கிக் கேட்பது

பி.ஜி.எம். என்ற சொல்லைக் கொண்டாடும் ஊர் நம்முடையது. ஜப்பானிலும் இதே மூன்றெழுத்தைத்தான் சொல்கிறார்கள். அப்படியிருந்தும் நம்மில் பலர் செட்டிங்ஸில் போய் இசையைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டை ஓடவிட்டு விளையாடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை என்பேன், சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.

'நியர்: ஆட்டோமேட்டா'-வை எடுத்துக்கொள்ளுங்கள். கெய்ச்சி ஒகாபேவும் குழுவும் செய்த இசை. அதில் ஒரே மெட்டு அமைதியான வடிவம், தாளம் கூடிய வடிவம், குரல் சேர்ந்த வடிவம் என்று அடுக்கடுக்காக இருக்கும். நீங்கள் வெறுமனே நடக்கும்போது ஓர் அடுக்கு, சண்டை மூண்டால் இன்னொன்று, ஹேக்கிங்கில் நுழைந்தால் அதே மெட்டு பழைய வீடியோ கேம் ஒலியாகிவிடும். எல்லாம் தையல் தெரியாமல் மாறும். ஓ.எஸ்.டி. என்ற கேம் இசை ஆல்பத்தில் இந்த வடிவங்களில் ஏதாவதொன்று உறைந்து நிற்கிறது, அவ்வளவே. ஆல்பம் அருமையானது, ஆனால் அதைக் கேட்டுவிட்டு அந்த இசையைக் கேட்டாயிற்று என்று நினைப்பது தவறு.

சாதாரண கேம்களிலும் இதே சிக்கல் உண்டு. ஊர் இசை என்பது முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி வரும்படி எழுதப்பட்டது. ஆல்பத்தில் இரண்டு சுற்று ஓடித் தேய்ந்து நின்றுவிடும். 2024 அக்டோபர் இறுதியில் வந்த நிண்டெண்டோ மியூசிக் ஆப் இதைப் புரிந்துகொண்டு, சில இசைகளை ஒரு மணி நேரம் வரை வெட்டுத் தெரியாமல் நீட்டித் தருகிறது. இன்னும் முடிக்காத கேமைக் குறிப்பிட்டால் கதையை உடைக்கும் தலைப்புகளை மறைக்கவும் செய்கிறது. இது சின்ன விஷயமில்லை. ஆர்.பி.ஜி. ஆல்பங்களின் பாடல் பட்டியலைப் படித்தாலே யார் சாகிறார், யார் துரோகி என்று தெரிந்துவிடும். என் ரிங்டோன் கதைக்கு அங்கேதான் முடிவு வந்தது: இசையமைப்பாளர் நொபுவோ உஎமாட்சு 'ஃபைனல் ஃபேன்டசி 7'-ன் உச்சத்துக்காகச் சேமித்து வைத்த லத்தீன் கோரஸை, மூன்று டிஸ்க்குகளில் முதலாவதையே முடிக்காதபோது நான் நூறு தடவை கேட்டிருந்தேன். அதற்குமுன் அந்தத் தொடரில் மனிதக் குரலில் கோரஸ் வந்ததே இல்லை. 1997-ல் அந்தக் குரல்கள் கேட்டபோது நாற்காலியிலிருந்து எழுந்தவர்கள் உண்டு. என் முறை வந்தபோது போனை யாரோ எடுக்காமல் விட்ட மாதிரி இருந்தது.

பழைய இசையை வெறும் 'பீப் பீப்' என்று ஒதுக்குவது அடுத்தது. நிண்டெண்டோவின் பழைய கன்சோலான ஃபேமிகாமின் ஒலிச் சிப்பில் ஐந்தே தடங்கள். அதற்கு அடுத்த சூப்பர் ஃபேமிகாமில் எட்டு, எல்லா வாத்திய ஒலிகளும் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு சின்ன போட்டோ அதைவிடப் பெரியது. சோனிக்காரர்கள் செய்த அந்தச் சிப்பில்தான் 'ஃபைனல் ஃபேன்டசி 6'-ன் ஆபரா காட்சியும் ஓடியது. இடம் இல்லாததால் மெட்டு மட்டுமே பேச வேண்டிய கட்டாயம், அந்த மெட்டுகள் இன்றும் நிற்கின்றன. 2021 ஜூலை 23-ல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழா அணிவகுப்பு 'டிராகன் குவெஸ்ட்' முன்னிசையோடுதான் ஆரம்பித்தது. அன்று இந்தியக் கொடியேந்தி வந்த மேரி கோமும் மன்பிரீத் சிங்கும் நடந்தது கேம் இசைக்குத்தான்.

ஆனால் எந்தப் பதிப்பில் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். 'ஃபைனல் ஃபேன்டசி 6'-ன் கேம்பாய் அட்வான்ஸ் பதிப்பில் ஒலி தகர டப்பாவில் அடித்த மாதிரி இருக்கும். அதைக் கேட்டு உஎமாட்சுவை எடைபோட்டால் பாவம் அவர். அந்தத் தொடரின் முதல் ஆறு கேம்களின் பிக்சல் ரீமாஸ்டர் கன்சோல் பதிப்பில் பழைய ஒலி, புதிய இசையமைப்பு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். 'டிராகன் குவெஸ்ட் 11' 2017-ல் சின்த்தசைஸர் ஒலியோடு வந்தது; 2019-ன் 'எஸ்' பதிப்பில் முழு ஆர்கெஸ்ட்ரா. அங்கே ஆர்கெஸ்ட்ராவையே போடுங்கள், யோசிக்க வேண்டாம். ஃபைனல் ஃபேன்டசி ஆறாவதில் நான் பழைய ஒலிப் பக்கம்.

கடைசியாக, தலைப்புத் திரையில் உடனே பொத்தானை அழுத்துவது. 1995-ல் வந்த 'கிரோனோ டிரிகர்' ஒரு பெண்டுலம் ஆடும் ஓசையோடு தொடங்கும். இசையமைப்பாளர் யசுனோரி மிட்சுடா வேலை பார்த்துப் பார்த்து வயிற்றுப் புண் வந்து படுத்துவிட, மீதியை உஎமாட்சு வந்து முடித்துக்கொடுத்த கேம் அது. எதையும் தொடாமல் விட்டால் பெண்டுலத்துக்குப் பின்னால் முன்னிசை எழும், காட்சிகள் ஓடும். அந்தக் கேமை நான்கு முறை முடித்த பிறகு, ஒரு நாள் கன்ட்ரோலரை வைத்துவிட்டுக் காப்பி எடுக்கப் போனபோதுதான் அதைச் சமையலறையிலிருந்து முழுசாகக் கேட்டேன்.