டவர் எழும்புறத எப்படி பாக்குறது: புறநகர்ல வளர்ற ஸ்கைலைன பின்தொடர ஒரு கைடு

உயரமான கட்டடம் ஒண்ணு முடிஞ்சு கண்ணாடி போட்டு லைட்டெல்லாம் எரிய ஆரம்பிச்சப்புறம் அதுல பாக்க பெருசா ஒண்ணும் மிச்சம் இருக்காதுங்க, எல்லாத்தையும் மூடிருவாங்க. அத தாங்கி நிக்குற சுவரு, கம்பி, முட்டு, கான்கிரீட் போட்ட வரிசை இதெல்லாம் கட்டுற அந்த மூணு நாலு வருஷம் மட்டும்தான் கண்ணுக்கு தெரியும், அப்புறம் இடிக்கிற வரைக்கும் யாரும் பாக்க முடியாது. அதனால உங்க புறநகர்ல ஒரு எடத்துல தகர வேலி போட்டுட்டாங்கன்னா அன்னைக்கே பாக்க ஆரம்பிச்சிருங்க, பத்து மாடி வந்தப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா பாதி கதை போயிரும்.

முதல் வேலை நிக்குற எடத்த முடிவு பண்றது. ரயில்வே நடைமேம்பாலம், பல அடுக்கு பார்க்கிங்கோட மேல் தளம், உங்க மொட்டமாடி, எதுவா இருந்தாலும் சரி, ஆனா வருஷக்கணக்கா போய் நிக்க முடியுற பொது எடமாவோ சொந்த எடமாவோ இருக்கணும், நடுவுல இன்னொரு டவர் வந்து மறைக்காத பக்கமா இருக்கணும். நான் ஆரம்பத்துல ஆறு மாசம் தோணுன எடத்துல நின்னு போட்டோ எடுத்தேன், அப்புறம் வரிசையா வச்சு பாத்தா ஒண்ணோட ஒண்ணு பொருந்தவே இல்ல, எது எவ்வளவு வளந்துச்சுன்னே சொல்ல முடியல. அதுக்கப்புறம் நடைமேம்பாலத்து கைப்பிடில ஒரு போல்ட்ட அடையாளம் வச்சிக்கிட்டேன், போன அது மேல ஒட்டி வச்சு, ஜூம் பண்ணாம, ஃபிரேமோட இடது ஓரத்துல ஒரு தண்ணி டேங்க் விளிம்பு வர மாதிரி, வாரம் ஒரு தடவ அதே நேரத்துல ஒரு படம். அவ்வளவுதான். சூரியன் உங்க முதுகுக்கு பின்னாடி இருக்குற நேரமா பாத்துக்குங்க, எதிர்ல இருந்தா கட்டடம் வெறும் கறுப்பு உருவமா தான் விழும்.

மொத மாசங்கள்ல வெளிய ஒண்ணுமே தெரியாது, வேல நடக்கலன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அப்பதான் ரொம்ப முக்கியமான வேல நடக்குது. உயரமா நிமிந்து நிக்குற பைலிங் ரிக் வந்திருந்தா, பக்கத்துல நீளமா உருண்டையா கட்டி வச்ச கம்பிக்கூண்டுங்க கிடந்தா, பூமிக்குள்ள பைல், அதாவது கட்டடத்த தாங்குற நீளமான அடித்தளத் தூண் எறங்குதுன்னு அர்த்தம். அந்த கூண்டு எவ்வளவு நீளம்னு பாத்து வைங்க, மேல எவ்வளவு பெருசு வரப்போகுதுன்னு அதுவே கொஞ்சம் சொல்லிரும். புர்ஜ் கலீஃபாவுக்கு 1.5 மீட்டர் விட்டத்துல 192 பைல், அதுக்கு மேல 3.7 மீட்டர் தடிமன்ல ராஃப்ட், அதாவது மொத்த கட்டடமும் உக்காருற கான்கிரீட் பலகை, அந்த அளவுக்கு அடில போட்டதாலதான் மேல 828 மீட்டர் நிக்குது.

ராஃப்ட் போடுற ராத்திரிய மட்டும் விட்டுறாதீங்க. மிக்சர் லாரி ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசை கட்டி நிக்கும், பூம் பம்ப் ரெண்டு மூணு கைய நீட்டிட்டு ஒரே நேரத்துல ஓடும், நிறுத்தவே மாட்டாங்க, ஏன்னா ஒரு பக்கம் இறுகிப்போச்சுன்னா புதுசா ஊத்துற கான்கிரீட் அதோட சேராம ஜாயிண்ட் விழுந்துரும். இவ்வளவு தடிமனா போடுறப்ப சிமெண்ட் இறுகுற சூடு உள்ளயே மாட்டிக்கும், நடு சூடா இருந்து மேல்பரப்பு சீக்கிரம் ஆறிருச்சுன்னா வெடிப்பு விழும். அதனாலதான் ராத்திரில போடுறாங்க, கலவைல ஐஸ் கலக்குறாங்க, போட்டு முடிச்சு மேல ஷீட் போட்டு போத்தி வைக்கிறாங்க.

வேலி இடுக்குல இருந்து கேட் பக்கம் பாக்க முடிஞ்சா இன்னொண்ணு தெரியும். லாரி வந்து நின்ன ஒடனே ஒருத்தர் தள்ளுவண்டில கொஞ்சம் கான்கிரீட் புடிச்சிட்டு வந்து ஒரு இரும்பு கூம்புக்குள்ள மூணு தடவையா போடுவாரு, ஒவ்வொரு தடவையும் ஒரு கம்பியால 25 குத்து குத்துவாரு, மேல வழிச்சு விட்டு கூம்ப மெதுவா நேரா தூக்குவாரு. கூம்பு 300 மி.மீ உயரம், உள்ள இருந்த கான்கிரீட் எவ்வளவு உக்காருதுன்னு பக்கத்துல கூம்ப கவுத்து வச்சு ஸ்கேல் புடிச்சு அளப்பாரு, அதான் ஸ்லம்ப் டெஸ்ட். ரொம்ப உயரத்துக்கு பம்ப் பண்ற கான்கிரீட் தண்ணி மாதிரி ஓடும், அதுல உக்காருற அளவ விட்டுட்டு தட்டுல எவ்வளவு அகலமா பரவுதுன்னு அளப்பாங்க. அதே லாரில இருந்து 150 மி.மீ கியூப் அச்சுலயும் நெரப்பி வைப்பாங்க, சில நாடுகள்ல சிலிண்டர். அத 7ஆம் நாள் சிலதையும் 28ஆம் நாள் சிலதையும் மெஷின்ல வச்சு ஒடைச்சு பாப்பாங்க. அத்தன மாடியும் அந்த சின்ன கட்டிங்க சொல்ற எண்ண நம்பித்தான் ஏறுது, எனக்கு இந்த வேலைலயே ரொம்ப புடிச்ச எடம் இதுதான்.

தரைக்கு மேல வந்தப்புறம் எந்த முறைல கட்டுறாங்கன்னு கண்டுபுடிங்க, அது தெரிஞ்சா மத்ததெல்லாம் புரியும். நடுவுல லிஃப்ட், படிக்கட்டு இருக்குற கான்கிரீட் கோர் மட்டும் தனியா சில மாடி முன்னாடி ஏறிக்கிட்டு, அத சுத்தி தளம் பின்னாடி வந்துச்சுன்னா அது அனேகமா ஜம்ப்ஃபார்ம், கோர் உச்சில கான்கிரீட் ஊத்துற அச்சு பெரிய பெட்டி மாதிரி உக்காந்திருக்கும், ஹைட்ராலிக் ஜாக் வச்சு அதுவே தன்னை மேல தூக்கிக்கும். கோர் தனியா ஏறாம சுவரும் தளமும் ஒண்ணாவே வந்தா அனேகமா அலுமினிய சென்ட்ரிங், வீடுங்க நெறைய இருக்குற டவர்ல இதத்தான் அதிகம் பாப்பீங்க, ஒரே மாதிரி மாடி திரும்ப திரும்ப வர்றதால ஒரே செட்டு பலகைய கழட்டி கழட்டி மேல போடுவாங்க. தளத்துல சின்ன சின்ன ஓட்டை விட்டு அது வழியா கீழ் மாடில கழட்டுன பலகைய கையாலயே மேல குடுப்பாங்க, கிரேனுக்காக காத்திருக்க வேண்டியதில்ல. அந்த ஓட்டைங்கள பின்னாடி அடைச்சிருவாங்க. இரும்புச் சட்டக் கட்டடம்னா தூண் ரெண்டு மூணு மாடி நீளத்துக்கு ஒரே துண்டா வரும், எலும்புக்கூடு மட்டும் கடகடன்னு ஏறி, தளம் பின்னாடி வரும்.

மாடி எண்றதுல தான் நெறைய பேர் ஏமாறுறாங்க. உச்சில இருந்து கீழ பாத்துட்டே வாங்க, மேல் தளத்துக்கு அடில ரெண்டு மூணு மாடி முழுக்க முட்டு காடு மாதிரி நிக்கும், புது தளம் இன்னும் தன் பலத்துல நிக்காது, பாரத்த கீழ் மாடிங்க பங்கு போட்டு தாங்குது, அதனாலதான் முட்ட ஒடனே எடுக்குறதில்ல. அந்த முட்டு வரிசை மேல நகர்ற வேகம்தான் வேலையோட நெசமான வேகம். ஒரு தளத்துல இருந்து அடுத்த தளத்துக்கு எத்தன நாள் ஆகுதுன்னு குறிச்சு வைங்க, பழகுன குழு வாரத்துக்கு ஒரு மாடி போடும், சில எடத்துல அதவிட வேகமா. கீழ இருக்குற போடியம், அதாவது டவருக்கு அடில அகலமா வர்ற மாடிங்க, உயரம் அதிகம், அமைப்பும் வேற வேற, அதனால அங்க மாசக்கணக்குல இழுக்கும், அத வச்சு மொத்த கட்டடத்துக்கும் கணக்கு போட்டுறாதீங்க.

உயரத்த நீங்களே அளக்கலாம். மேப்ல உங்க எடத்துக்கும் கட்டடத்துக்கும் எவ்வளவு தூரம்னு பாருங்க, போன்ல கோணம் காட்டுற ஆப் வச்சு உச்சிய பாருங்க. 200 மீட்டர் தூரத்துல இருந்து 30 டிகிரி காட்டுச்சுன்னா 200ஐ 0.577ஆல பெருக்குங்க, 115 மீட்டர் வரும், அதோட உங்க கண்ணு தரைல இருந்து எவ்வளவு உயரமோ அதையும் கூட்டிக்குங்க, பாலத்து மேல நின்னா பால உயரமும் சேரும். இந்த தூரத்துல ஒரு டிகிரி தப்பா பாத்தா கூட கிட்டத்தட்ட நாலரை மீட்டர் மாறிரும், அதாவது ஒன்றரை மாடி, அதனால நாலஞ்சு தடவ பாத்து சராசரி எடுங்க. சரிபாக்க இன்னொரு வழி, வீடுன்னா மாடிக்கு மாடி சுமார் 3 மீட்டர், ஆபீஸ்னா சுமார் 4 மீட்டர்.

கிரேன் பக்கம் வருவோம். கை படுக்கையா நீளமா இருந்தா ஒரு வகை, கை மேலயும் கீழயும் மடங்குறது லஃபிங் வகை, நெருக்கமான எடத்துல, பக்கத்து கட்டடம் இல்லன்னா பக்கத்து கிரேன் இடிக்கும்னா ரெண்டாவத போடுவாங்க. ஒரே சைட்ல எல்லா கிரேனும் வேற வேற உயரத்துல நிக்கிறதும் அதுக்குத்தான், ஒண்ணு கை மத்ததோட கைக்கு மேல போகணும். வெளிப்பக்கம் நிக்குற கிரேன் ஓரளவுக்கு மேல தனியா நிக்க முடியாது, கட்டடத்தோட இரும்புச் சட்டம் வச்சு கட்டிருவாங்க, புதுசா ஒரு கட்டு விழுந்த வாரத்த குறிச்சு வைங்க, அடுத்து கிரேன் ஒசரப்போகுதுன்னு அர்த்தம். ராத்திரில காத்தடிக்கிறப்ப கிரேன் கை தானா சுத்துறத பாத்துட்டு அறுந்து போச்சுன்னு பதறி போன் பண்றவங்க உண்டு. பயப்பட வேணாம்ங்க, வேல முடிச்சு எறங்குறப்ப சுழல்ற பிரேக்க ஆபரேட்டர் வேணும்னே விடுவிச்சிட்டுத்தான் வருவாரு, கை காத்து போற பக்கம் திரும்பிக்கிட்டா கிரேனுக்கு பாரம் கொறையும், புடிச்சு நிறுத்தி வச்சாதான் ஆபத்து.

மேல தளம் ஏறிக்கிட்டே இருக்கும்போதே கீழ கண்ணாடி போட ஆரம்பிச்சிருவாங்க. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பட்டை மட்டும் கண்ணாடி இல்லாம கடைசி வரைக்கும் வாய பொளந்துட்டு நிக்கும், என்னாச்சு அங்க மட்டும்னு தோணும், அதுதான் ஆளும் சாமானும் ஏறுற ஹாய்ஸ்ட் ஒட்டியிருந்த எடம். உள்ள இருக்குற நெச லிஃப்ட் ஓடுனாதான் ஹாய்ஸ்ட்ட எறக்க முடியும், எறக்குனாதான் அந்த பட்டைய மூட முடியும், ஆக அது மூடுற நாள வச்சு உள்வேல எவ்வளவு முடிஞ்சதுன்னு ஓரளவு கணிக்கலாம்.

உச்சி தொட்டாச்சுன்னா கட்டடம் முடிஞ்சதுன்னு எழுதிறாதீங்க. உயரமான கட்டடங்களுக்கான உலக கவுன்சில், 1969ல ஆரம்பிச்சது, சிடிபியூஎச்ங்கிற பேர்ல ரொம்ப வருஷம் இருந்துச்சு, அவங்க கணக்குல சட்டம் உச்சிய தொடுறது வேற, கட்டி முடிஞ்சு ஆள் குடியேற தயாராகுறது வேற. உயரம் அளக்குறதும் திறந்தவெளில எல்லாத்தையும் விட தாழ்வா இருக்குற முக்கிய நடைவாசல்ல இருந்து கட்டடக்கலை உச்சி வரைக்கும், கூம்பு கோபுரம் சேரும், ஆன்டெனா சேராது. 300 மீட்டர் தாண்டுனா சூப்பர்டால், 600 தாண்டுனா மெகாடால். ஆனா வெறும் உயரம்ங்கிறதுக்கு ஒரே எண் கிடையாதுன்னும் அவங்களே சொல்றாங்க, சிகாகோவுலயோ ஹாங்காங்லயோ 14 மாடி கண்ணுலயே படாது, புறநகர்ல அதுவே ஊருக்கு மேல தனியா தெரியும். அதனால உங்க பக்கம் வர்றது 18 மாடிதானேன்னு ஒதுக்கிறாதீங்க, சுத்தி ரெண்டு மாடி வீடுங்க இருக்குற எடத்துல அந்த 18 மாடிதான் ஸ்கைலைனோட முதல் கோடு.

தனி டவர விட்டு மொத்த வரிசைய படிக்கிறதுக்கு ஒரு மேப் வேணும். ரயில் நிலையத்த நடுவுல வச்சு புது டவருங்கள புள்ளி வைங்க, பல புறநகர்ல புள்ளிங்க நிலையத்த சுத்தி கொத்தா விழும், இல்லன்னா பழைய மாலோட பெரிய பார்க்கிங் நெலம் மாதிரி ஒரே கைல இருந்த பெரிய நெலத்துல விழும். கிட்ட விமான நிலையம் இருந்தா எல்லா டவரும் ஒரே உயரத்துல ரம்பம் வச்சு அறுத்த மாதிரி நிக்கும், அது விமானப் பாதைக்கான உயர வரம்பு. சில நேரம் பக்கத்து பெரிய நகரத்தோட சட்டம் கூட காரணமா இருக்கும். பாரிஸ் எல்லைக்கு வெளிய லா டிஃபான்ஸ 1958ல ஆரம்பிச்சாங்க, நகரத்துக்குள்ள 1973ல 210 மீட்டர் மோன்பர்னாஸ் டவர் வந்து ஜனங்க எதிர்த்தப்புறம் 1977ல 37 மீட்டர்னு வரம்பு போட்டாங்க, உயரமெல்லாம் வெளிப்பக்கம் குவிஞ்சிருச்சு. டொரண்டோ பக்கத்துல மிசிசாகா, அங்க 2012ல முடிஞ்ச 56 மாடி, 50 மாடி வளைஞ்ச இரட்டை டவர்தான் அந்த ஊருக்கே முகமா ஆச்சு.

வேலில ஒட்டுற விளம்பர படத்த நம்பாதீங்க, அதுல மரமெல்லாம் இருபது வருஷம் வளந்த மாதிரி இருக்கும், பக்கத்து கட்டடங்கள வெளிறிப்போக வச்சிருப்பாங்க. உள்ளாட்சி அலுவலகத்துல அனுமதி வரைபடம் பொதுப்பார்வைக்கு வச்சிருந்தா போய் பாருங்க, முக்கியமா நிழல் படம், குளிர்காலத்துல சூரியன் தாழ்வா இருக்குறப்ப எந்த வீடுங்க மேல எத்தன மணி நேரம் நிழல் விழும்னு அதுல தெரியும். கருத்து சொல்ல தேதி குடுத்திருந்தா அதுக்குள்ள எழுதுங்க, கோர் ஏறுனப்புறம் எழுதி பிரயோஜனம் இல்ல.

பதிவு ஒரு சாதாரண ஷீட் போதும். தேதி, உச்சி மாடி, கண்ணாடி எது வரைக்கும், கிரேன் எத்தன, ஒரு வரி குறிப்பு. சைட்டுக்குள்ள நுழையாதீங்க, கிரேன் சாமான் தூக்குற பாதைக்கு கீழ நிக்காதீங்க, ட்ரோன் விடணும்னா அனுமதி வாங்கிட்டு விடுங்க. மேல வேல செய்றவங்க முகம் தெரியுற மாதிரி படம் போடாம இருக்குறதும் மரியாதை.

கடைசி மாசங்கள்ல கிரேன் எறங்குறத பாக்க ஒரு நாள் ஒதுக்குங்க. வெளிப்பக்க கிரேன் ஏறுன மாதிரியே ஒவ்வொரு துண்டா கழட்டி தானே எறங்கும். கட்டடத்துக்கு உள்ள ஏறுனதுக்கு அப்படி எறங்க வழி கெடையாது, அதனால அதே பெரிய கிரேன வச்சு ஒரு சின்ன கிரேன மேல ஏத்தி, அந்த சின்னது பெருச கழட்டி கீழ எறக்கும், அப்புறம் அதவிட சின்னது வந்து அத கழட்டும், கடைசில மிஞ்சுறது துண்டு துண்டா லிஃப்ட்டுலயே எறங்கிரும். அதுக்கப்புறம் ஹாய்ஸ்ட் பட்டையும் மூடுன வாரம், வேலிக்கு அந்தப்பக்கம் இருக்குற காலி நெலத்தையும் ஒரு தடவ பாத்துருங்க, அங்க பைலிங் ரிக் வந்து நின்னா அதே கைப்பிடி போல்ட்டுல போன வச்சு புது ஷீட்ல முதல் தேதிய எழுதுங்க.