அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் ரெகெக்ஸால் ஹைலைட் செய்வது எப்படி?

நீளமான ஃபைலில் அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும், ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு சொற்கள். சாதாரணத் தேடல் இங்கே உதவாது. என்ன சொல் என்று சொல்லாமல், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் சொல்வதற்குத்தான் ரெகெக்ஸ், அதாவது ரெகுலர் எக்ஸ்பிரஷன்.

நோட்பேட்++ வைத்திருந்தால் கண்ட்ரோல்+எஃப் அழுத்தி ‘மார்க்’ டேபுக்குப் போங்கள். கீழே ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் நீங்கள் எழுதும் குறிகளையே அது எழுத்துக்கு எழுத்து தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று கைவிரித்துவிடும். பக்கத்தில் ‘. மேட்சஸ் நியூலைன்’ டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். விஎஸ் கோடில் இன்னும் எளிது, தேடல் பெட்டியில் உள்ள .* பட்டனை அழுத்தினால் டைப் செய்யும்போதே ஹைலைட் ஆகும்.

சரி, சோதனைக்கு ஒரு வரி:

முதல் அமர்வு (காலை) முடிந்தது, அடுத்தது (மாலை).

முதலில் (.*) என்று போட்டுப் பாருங்கள். முழு வரியும் நிறம் மாறும். ரெகெக்ஸில் வெறும் அடைப்புக்குறிக்குக் குழு என்று வேறு வேலை இருக்கிறது, நிஜ அடைப்புக்குறி வேண்டுமென்றால் முன்னால் \ சேர்க்க வேண்டும். (விம் என்ற எடிட்டரில் இது அப்படியே தலைகீழ்: வெறும் குறிதான் நிஜம், \ சேர்த்தால் குழு.)

\(.*\)

இப்போது ‘(காலை)’ தொடங்கி ‘(மாலை)’ வரை ஒரே பட்டையாக வரும். புள்ளி என்றால் எந்த எழுத்தும், * என்றால் எத்தனை வேண்டுமானாலும். கிடைத்தவரை இழுத்துக்கொண்டு கடைசி மூடுகுறியில்தான் நிற்கும். ஒரு கேள்விக்குறி சேர்த்தால் முதல் மூடுகுறியிலேயே நின்றுவிடும்:

\(.*?\)

பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் முற்றுப்புள்ளிக்கு முன்னால் வரும் அடைப்புக்குறி மட்டும் வேண்டும் என்று \(.*?\)\. எழுதினால் மறுபடியும் ‘(காலை)’யிலிருந்தே பிடிக்கும், ஏனென்றால் அந்தப் புள்ளி கிடைக்கும்வரை நீண்டுகொண்டே போக அதற்குத் தடை எதுவும் இல்லை. உள்ளே எது வரக்கூடாது என்று சொல்லிவிடுவதே உறுதியான வழி:

\([^)]*\)

[^)] என்றால் மூடுகுறி தவிர மற்ற எதுவும். இதன் பின்னால் \. சேர்த்தால் ‘(மாலை).’ மட்டும் சிக்கும். குறிகளை விட்டு உள்ளே இருப்பது மட்டும் வேண்டுமா? இதைப் போடுங்கள்:

(?<=\()[^)]*(?=\))

‘மார்க் ஆல்’ கொடுத்த பிறகு ‘காப்பி மார்க்டு டெக்ஸ்ட்’ அழுத்தினால் ஹைலைட் ஆனதையெல்லாம் மொத்தமாக நகலெடுக்கலாம்.

மேற்கோள்குறிக்கு மட்டும் நான் ".*?" பக்கம். தொடக்கமும் முடிவும் ஒரே குறி என்பதால் எங்கோ ஒன்று விட்டுப்போனால் "[^"]*" நோட்பேட்++ இல் வரி தாண்டி ஓடி, அதற்குக் கீழே உள்ளே வெளியே எல்லாம் இடம் மாறிவிடும்; ".*?" அந்த ஒரு வரியோடு நின்றுவிடும். சுருள் மேற்கோள் வேறு எழுத்து, அதற்கு “[^”]*” தனியாக எழுத வேண்டும்.

அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி இருந்தால் மேலே சொன்னவை தடுமாறும். \([^()]*\) போட்டால் ஆக உள்ளே இருப்பது மட்டும் சரியாக வரும், வெளிச்சுற்று வராது.