எல்இடி போட்ட பிறகு பேட்டரி சார்ஜ் ஏறவில்லை: என் அனுபவம்

பழைய டீசல் காரின் டேஷ்போர்டு பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆனதால் எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றினேன். வெளிச்சம் பிரமாதம். ஆனால் பேட்டரி இறங்கத் தொடங்கியது. ஐடிலிங்கில் மல்டிமீட்டர் 12.3 வோல்ட்தான் காட்டியது. பெல்ட்டை இறுக்கியாயிற்று, ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) கார்பன் பிரஷ் மாற்றியாயிற்று; பலனில்லை.

விசித்திரம் என்னவென்றால், ஆக்ஸிலேட்டரை ஒருமுறை நன்றாக மிதித்தால் 14 வோல்ட்டுக்கு ஏறி, வண்டியை அணைக்கும்வரை அப்படியே நின்றது. அங்கேதான் பொறி தட்டியது. இந்த வகை ஆல்டர்னேட்டர் காந்தமாகத் தேவையான முதல் மின்சாரம் பேட்டரி எச்சரிக்கை பல்பு வழியாகத்தான் போகிறது. 2 வாட் குண்டு பல்பு 150 மில்லிஆம்பியருக்கு மேல் விடும். எல்இடி 20 விட்டாலே அதிகம்.

அந்த ஓர் இடத்தில் மட்டும் பழைய பல்பைப் போட்டேன். ஸ்டார்ட் செய்ததுமே 14.1. அப்பாடா!

மற்ற எல்இடி ஏதாவது எரியாவிட்டால் கழற்றித் திருப்பிச் செருகுங்கள். அதற்குப் பிளஸ், மைனஸ் உண்டு.