வீல் நட்டை எவ்வளவு இறுக்குவது? டயர் மாற்றியதும் வீட்டிலேயே செய்ய வேண்டியவை

போன கார்த்திகையில் வேதாரண்யத்தில் ஒரு வளைகாப்பு முடிந்து மன்னார்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் இடது பின் டயர் போய்விட்டது. இரவு பத்து மணி, மழை அப்போதுதான் விட்டிருந்தது, இரண்டு பக்கமும் சம்பா வயல். அம்மா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். ஸ்டெப்னி மாற்ற எனக்குத் தெரியும், இருபது நிமிட வேலை என்று இறங்கினேன்.

நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் ஏறி நின்றேன். ஸ்பேனர் வழுக்கி, நட்டின் ஒரு முனை மழுங்கியது. கடைசியில் உப்பு லோடு ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, தன்னுடைய நீளமான கம்பியை எடுத்து வந்து கழற்றிக் கொடுத்தார். மூன்று நட்டு பெரிய சத்தத்தோடு கழன்றன. நான்காவது, போல்ட்டோடு முறிந்து கையில் வந்தது. முறிந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். அதை ஒட்டிய மரை மட்டும் இழுத்துவிட்ட ஸ்பிரிங் மாதிரி இடைவெளி விட்டிருந்தது.

அந்த நாலு டயரும் பதினைந்து நாளுக்கு முன்புதான் ஒரு கடையில் புதிதாகப் போட்டவை. ஏர் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று அடித்து அனுப்பியிருந்தார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கப்புறம் நானே கற்றுக்கொண்டு செய்வதை இங்கே எழுதுகிறேன். ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, ஜாக்கியை எப்படிச் சுற்றுவது என்பதெல்லாம் வண்டியோடு வந்த கையேட்டில் படமாகவே இருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

அதிகமாக இறுக்கினால் என்ன ஆகும்?

நட்டை இறுக்கும்போது போல்ட் மிகக் கொஞ்சமாக நீள்கிறது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் சக்கரத்தை ஹப்போடு (வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சேர்த்துப் பிடித்து வைக்கிறது. அளவோடு நீட்டினால் போல்ட் திரும்பும். அளவு தாண்டினால் திரும்பாது. பிடியும் குறையும், அடுத்த முறையோ அதற்கு அடுத்த முறையோ முறியும். அதனால் 'நல்லா டைட்டா இருக்கு' என்பது பாதுகாப்பு கிடையாது. முன் சக்கரத்தில் ஒரு நட்டு அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் இருந்தால் பிரேக் டிஸ்க்கும் கோணலாக வாய்ப்பு உண்டு. பிரேக் மிதிக்கும்போது காலுக்கடியில் துடிப்பது போல இருந்தால் இதையும் சந்தேகப்பட வேண்டும். அலாய் வீல் என்றால் நட்டு உட்காரும் குழியே நசுங்கும்.

சரியான அளவு எவ்வளவு? இறுக்கும் திருப்பு விசையை (டார்க்) நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். பெரும்பாலான சிறிய, நடுத்தரக் கார்களுக்கு 85 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் வரும். எங்கள் வண்டிக்கு 100. டொயோட்டாவின் பல கார்களுக்கு 103, ஹோண்டா சிட்டிக்கு 108. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை உங்கள் கையேட்டில் மட்டும் பாருங்கள். பக்கத்து வீட்டு வண்டியின் அளவை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

100 நியூட்டன் மீட்டர் என்பது எவ்வளவு என்று நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் எடை போடும் ஒரு சிப்பம் நெல் 40 கிலோ. 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் அந்த ஒரு சிப்பத்தைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 100. அவ்வளவுதான் தேவை. 60 கிலோ ஆள் அதே ஸ்பேனரில் ஏறி நின்றாலே 147 ஆகிவிடும். 60 சென்டிமீட்டர் பைப்பைச் செருகி அதே ஆள் முழு எடையையும் கொடுத்தால் 350ஐத் தாண்டும். டயர் கடையின் ஏர் கன் 500கூடப் போகும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

அரை அங்குலச் சதுர முனை உள்ள, நாம் வைத்த அளவுக்கு நட்டு இறுகியதும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று. 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை அளவுள்ளது காருக்குப் பொருத்தம். முள் காட்டும் வகை மலிவாகக் கிடைக்கும், ஆனால் குனிந்துகொண்டு முள்ளைப் பார்க்க முடியாது. எனக்கு அது பிடிக்கவில்லை. டிஜிட்டலும் வேண்டாம், தேவைப்படும் நாளில் பேட்டரி இருக்காது.

கழற்றுவதற்கு 60 சென்டிமீட்டர் நீளக் கம்பிப் பிடி தனியாக ஒன்று. வண்டியோடு வரும் எல் ஸ்பேனரை நான் இப்போது தொடுவதே இல்லை. சாக்கெட் வாங்கும்போது உள்ளே ஆறு மூலை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது இறுகிய நட்டின் முனையை மழுக்கிவிடும். உங்கள் நட்டு 17 மில்லிமீட்டரா, 19ஆ, 21ஆ என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு கம்பி பிரஷ், பழைய துணி, ஒன்றரை அங்குல கனத்தில் ஒரு அடிப் பலகை. எங்கள் வீட்டுப் பூவரசம் பலகைத் துண்டைத்தான் டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் படி: தரையில் வைத்தே தளர்த்துங்கள்

கைபிரேக் போட்டு, கியரில் வைத்து, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் முட்டுக் கொடுங்கள். ஜாக்கி போடும் முன்பே எல்லா நட்டையும் கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். சாக்கெட்டை முழுதாக உள்ளே உட்கார வைத்து, பிடி இடது பக்கம் கிடைமட்டமாக வரும்படி வைத்து, கீழ்நோக்கி அழுத்துங்கள். மேல்நோக்கி இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், வழுக்கினால் முகத்தில் படும். குதிக்க வேண்டாம்.

வரவில்லை என்றால் மரையில் துருநீக்கி எண்ணெய் தெளித்து இருபது நிமிடம் விடுங்கள். கழற்றுவதற்குப் பைப் செருகலாம். இறுக்குவதற்கு ஒருநாளும் கூடாது.

இரண்டாம் படி: ஜாக்கி

நம் பக்கத்து மண் களிமண். மழைக் காலத்தில் சாலை ஓரத்தில் ஜாக்கியை நேரடியாக மண்ணில் வைத்தால் வண்டி மேலே போவதற்குப் பதில் ஜாக்கி கீழே போகும். பலகை அதற்குத்தான். சக்கரத்தைக் கழற்றியதும் அதைப் படுக்க வைத்து வண்டியின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல் உட்காரும். எந்தக் காரணத்துக்காகவும் அடியில் தலையையோ கையையோ நீட்ட வேண்டாம்.

சக்கரம் ஹப்போடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், அதுவும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளில், ஜாக்கியில் நிற்கும் வண்டியை உதைக்காதீர்கள். நட்டை மறுபடி கையால் மாட்டி, இரண்டு சுற்று இடைவெளி விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் ஓர் அடி மட்டும் மெல்ல நகர்த்துங்கள். விட்டுவிடும்.

மூன்றாம் படி: துடைப்பது

இதை யாரும் செய்வதில்லை. வரப்பு ஓரம், ஆற்றங்கரைச் சாலை என்று போய்வரும் வண்டிகளின் ஹப் முகத்தில் காய்ந்த களிமண் மெல்லிய அப்பளம் போல ஒட்டியிருக்கும். அதன் மேல் சக்கரத்தை வைத்து இறுக்கினால் ரெஞ்ச் சரியான அளவில்தான் 'டக்' என்னும். ஓடும்போது மண் நொறுங்கி உதிரும், நட்டு தளரும். ஹப் முகம், ரிம்மின் உள்முகம், நட்டு உட்காரும் குழி மூன்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். ரிம்முக்கு உள்பக்கம் அப்பியிருக்கும் மண்ணையும் சுரண்டிவிடுங்கள். வேகமாகப் போனால் ஸ்டியரிங் ஆடுகிறது என்று பேலன்ஸிங்குக்குக் காசு கொடுக்கப் போகிறவர்கள் இதை முதலில் செய்து பார்க்கலாம்.

மரைக்கு எண்ணெயோ கிரீஸோ போட வேண்டாம். கையேட்டில் இருக்கும் அளவு காய்ந்த மரைக்கானது. எண்ணெய் இருந்தால் அதே அளவில் போல்ட் இன்னும் அதிகமாக நீளும். கழற்றும்போது எண்ணெய் தெளித்திருந்தால் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

நான்காம் படி: இறுக்குவது

நட்டின் கூம்பு முனை சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். எல்லா நட்டையும் விரலாலேயே கடைசி வரை சுற்றுங்கள். நடுவில் கரகரவென்று பிடித்தாலோ நின்றாலோ அந்த மரை கெட்டிருக்கிறது, பலம் கொடுத்துச் சுற்றாதீர்கள். பிறகு ஸ்பேனரால் லேசாக, எதிரெதிராக: நாலு நட்டு என்றால் கூட்டல் குறி போல, ஐந்து என்றால் நட்சத்திரம் வரைவது போல. வண்டியை இறக்குங்கள். அதற்கு அப்புறம்தான் டார்க் ரெஞ்ச்.

நான் தடுமாறிய இடம் இதுதான், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். ரெஞ்சின் தண்டில் இரண்டு பக்கமும் எண்கள் இருக்கும். ஒரு பக்கம் நியூட்டன் மீட்டர், மறுபக்கம் பவுண்டு அடி. முதல் நாள் நான் பவுண்டு பக்கத்தில் 100 வைத்துவிட்டேன். அது 136 நியூட்டன் மீட்டர். 'டக்' வரவில்லையே என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். வந்தபோது தேவையைப் போல ஒன்றேகால் மடங்குக்கும் மேல் இறுகிவிட்டிருந்தது. மறுநாள் எல்லாவற்றையும் தளர்த்தி மீண்டும் செய்தேன்.

எண்ணைப் படிக்கும் முறை: என் ரெஞ்சில் தண்டின் கோடுகள் 28, 42, 56, 70, 84, 98, 112 என்று 14, 14 ஆக ஏறும். சுற்றும் பிடியில் 0, 2, 4 என்று சின்ன எண்கள். 100 வேண்டும் என்றால், அடியில் இருக்கும் பூட்டைத் தளர்த்தி, பிடியின் விளிம்பு 98 கோட்டுக்கு வந்து, பிடியின் 0 நடுக்கோட்டில் நிற்கும்வரை சுற்றுங்கள். அங்கிருந்து 2 நடுக்கோட்டுக்கு வரும்வரை இன்னும் கொஞ்சம். 98ம் 2ம் 100. பூட்டை இறுக்குங்கள். கையேட்டில் கிலோகிராம் விசை மீட்டர் (kgf·m) என்று 10 போட்டிருந்தால் அது 98 நியூட்டன் மீட்டர்.

முதல் சுற்றில் 60 வைத்து எல்லா நட்டும். இரண்டாம் சுற்றில் முழு அளவு. பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல், ஒரே சீராக அழுத்துங்கள். 'டக்' என்றதும் கை நிற்க வேண்டும். மனசுக்காக இன்னொரு 'டக்' வேண்டாம், அதில் நட்டு இன்னும் கொஞ்சம் நகரும். நட்டு சுற்றிக்கொண்டே போகிறது, 'டக்' வரவே இல்லை என்றால் போல்ட் நீண்டுகொண்டிருக்கிறது. நிறுத்திவிட்டு அதை மாற்றச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள். அதை வைத்து நட்டைக் கழற்றக் கூடாது.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் ஆறிய பிறகு, மறுபடி ஒரு முறை சரிபார்க்க வேண்டும். எங்களுக்குத் தஞ்சாவூர் போய் வந்தால் கணக்கு சரியாகிவிடும்.

டயர் கடையில்

நான் இப்போது இறங்கியதுமே சொல்லிவிடுகிறேன்: "அண்ணே, கன்னுல லேசா ஓட்டி நிறுத்திடுங்க, கடைசி இறுக்கு நான் கையால வச்சுக்கிறேன்." யாரும் கோபப்பட்டதில்லை. ஒருவர் மட்டும், "ஏன் தம்பி, கழண்டு போயிடாதா?" என்று கேட்டார். முறிந்த அந்த போல்ட்டை டாஷ்போர்டில்தான் வைத்திருக்கிறேன். எடுத்துக் காட்டினேன். மரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அவரே கன்னைக் கீழே வைத்தார்.

டயர் மாட்டும்போது அங்கேயே நில்லுங்கள். பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் அது இருக்க வேண்டும். 'வெளிப்பக்கம்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அந்த முகம் வெளியே தெரிய வேண்டும். டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நாலு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும்: 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். ட்யூப்லெஸ் டயர் புதிதாகப் போடும்போது ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், டயர் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கம்பியை விட்டு நெம்பி மாட்டினால் ரிம்மைப் பிடிக்கும் ஓரம் கிழியும், பிறகு காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் மேல் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அதை வைக்கக் கூடாது. ஸ்டெப்னிக்கும் காற்று பிடியுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஒருவர், "ரெஞ்ச் வாங்கிக் கடையில் இறுக்கிய நட்டில் 100 வைத்துப் பார்த்தேன், உடனே 'டக்' என்றது, அப்படியானால் சரியாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். இல்லை. நட்டு 300ல் இறுகியிருந்தாலும் 100ல் 'டக்' என்றுதான் சொல்லும். குறைவாக இருப்பதை மட்டுமே ரெஞ்ச் காட்டும், அதிகமாக இருப்பதைக் காட்டாது. ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி மறுபடி 100க்கு இறுக்க வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தளர்த்த வேண்டாம்.

அவர் அப்படியே செய்து பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். பதினாறு நட்டில் பதினொன்று நீளக் கம்பி இல்லாமல் அசையவில்லையாம். இரண்டு நட்டு விரலால் சுற்ற வரவில்லை. அந்த இரண்டு போல்ட்டையும் ஹப்பிலிருந்து தட்டி எடுத்துப் புதிதாக மாற்றிக்கொண்டிருக்கிறார்.